சமாளிப்புக்கு ஓர் எல்லை

மூன்று கிழமையாக என் காரின் பிறேக் ஒயில் குறைந்துகொண்டே வந்தது. குறையக் குறைய நான் ஊற்றி நிரப்பினேன். இந்த இரண்டு வசனங்களை ஒளிக்காமல் எழுத எனக்கு ஒரு வருடம் எடுத்திருக்கிறது.

காருக்கு வயது பதினான்கு. ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் பதினான்கு பனிக்காலம் நின்ற கார். முந்திய கோடையில் எஞ்சின் ஒயில் மாற்றிய இடத்தில் பற்றுச்சீட்டின் அடியில் ஒரு வரி எழுதித் தந்திருந்தார்கள்: பின்பக்கத்து பிறேக் குழாய்கள் துருப்பிடித்திருக்கின்றன, கவனிக்கவும். வருகிறவர்கள் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் வரி என்று நினைத்து அதை மடித்து வைத்துவிட்டேன். தை மாதக் கடைசியில் ஸ்ரியறிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன். ஒயில் கோட்டுக்குக் கீழே நின்றது. கராஜ் தட்டில் பழைய போத்தல் ஒன்று கிடந்தது, எடுத்து ஊற்றினேன். விளக்கு அணைந்தது. பத்து நாளில் மறுபடி எரிந்தது. மறுபடி ஊற்றினேன்.

பெப்ரவரி நடுப்பகுதி, ஒரு வியாழக்கிழமைக் காலை. மார்க்கம் வீதிச் சந்தி ஒன்றில் சிவப்பு விழ, பிறேக்கில் காலை வைத்தேன். வழக்கமான இடத்தில் பெடல் நிற்கவில்லை. ஒரு கணம் எதிர்த்தது, பிறகு சேற்றுக்குள் கால் போவதுபோல இறங்கிக்கொண்டே போனது. முழுப்பலத்தோடு அழுத்தினேன். கார் நின்றது, ஆனால் கோட்டைத் தாண்டி, ஆட்கள் கடக்கும் கடவையின் நடுவில். அப்போதுதான் கடந்து முடித்திருந்த ஒரு பெண், கையில் பிடித்திருந்த பிள்ளையோடு திரும்பிப் பார்த்தாள். அவள் ஏசவில்லை. பிள்ளையின் புத்தகப்பையைத் தோளில் சரிசெய்துவிட்டு நடந்துபோனாள். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்சில்லிலிருந்து பின்னோக்கி, வெள்ளைப் பனியில் தேன்நிறத்தில் ஒரு கோடு நீண்டு கிடந்தது.

அந்தக் கார் நின்றதற்கு நான் காரணமல்ல. இன்றைய கார்களில் பிறேக் அமைப்பு இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கிறது. முன்சில்லால் இழுபடும் கார்களில் பெரும்பாலும் குறுக்காகப் பிரிப்பார்கள்: முன் இடதும் பின் வலதும் ஒரு பாதி, முன் வலதும் பின் இடதும் மறு பாதி. ஒரு குழாய் வெடித்தாலும் மற்றப் பாதி இழுத்துப் பிடிக்கும். தூரம் கூடும், ஆனாலும் நிற்கும். அமெரிக்காவில் 1968 முதல் புதிய கார்கள் இப்படி இரு சுற்றோடு வரவேண்டும் என்பது சட்டம். அதற்கு முன் பெரும்பாலான கார்களில் ஒரே சுற்றுத்தான். எங்காவது ஓர் ஊசித்துளை விழுந்தால் நாலு சில்லும் போய்விடும். யாரோ சிலர் அந்தக் காலத்தில் ‘இது காணும்’ என்று சொல்ல மறுத்திருக்கிறார்கள். அவர்கள் மறுத்ததால் அந்தப் பிள்ளை அன்று பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் அசட்டையான ஆள் என்று என்னை யாரும் சொன்னதில்லை. கதவு பூட்டியாயிற்றா என்று இரண்டு தரம் பார்ப்பவன். பிள்ளைகளின் தடுப்பூசித் திகதி மனப்பாடம். அப்படிப்பட்டவன் எப்படி, குறைகிற ஒயில் எங்கே போகிறது என்று ஒரு தரமும் குனிந்து பார்க்காமல் ஊற்றிக்கொண்டிருந்தேன்? யோசிக்க யோசிக்க விடை வேறு எங்கோ, வெகு தூரத்தில் கிடந்தது.

நான் சமாளிப்பில் வளர்ந்தவன். 1990 ஆனியில் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது, பெற்றோல் நின்றது. மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சூடேறும்வரை மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதை ஊசிமருந்துக் குழலில் எடுத்துத் துளித்துளியாக விடுவார்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அதில் மண்ணெண்ணெய் விட்டு, அந்தச் சிறு சுடரில் நாங்கள் க.பொ.த. பரீட்சைக்குப் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். நாற்பது வயதான ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் வாடகைக் கார்களாக ஓடின. உதிரிப்பாகம் வராது, ஒன்றைக் கழற்றி மற்றதில் பூட்டுவார்கள், இல்லாததைக் கடைந்து செய்வார்கள். ‘அவன் சமாளிப்பான்’ என்பதுதான் அந்த நாட்களில் ஒருவனுக்கு ஊர் கொடுத்த பெரிய பட்டம். அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. அதை விட்டுவிடச் சொல்லி இதை எழுதவில்லை.

ஆனால் அந்தப் பெருமையை நான் பாதியாகத்தான் நினைவில் வைத்திருந்திருக்கிறேன். மற்றப் பாதியை எனக்கு எடுத்துச் சொன்னவர் எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர். சின்ன வயதிலிருந்து அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். ஸ்ரான்லி வீதிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் பதின்மூன்று வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத் தொடங்கி, பிறகு சொந்தமாக ஒரு கொட்டில் போட்டு வேலை செய்தவர். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது கொட்டில் போனது. கனடா வந்தபின், இருபது வருட அனுபவம் இருந்தும், நாற்பத்தைந்து வயதில் பயிலுநராகச் சேர்ந்து, ஒன்ராறியோவில் வாகனத் திருத்துநர் உரிமத்துக்கு வேண்டிய 7,000 மணிநேரத்துக்கும் மேலான பயிற்சியை முதலிலிருந்து செய்தார். அவமானமாக இருக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். ‘கை அறிஞ்சதுக்கு அங்கதான் கணக்கு அறிஞ்சனான்’ என்றார். இப்போது ஓய்வில் இருக்கிறார்.

சனிக்கிழமை வந்தார். காருக்குக் கீழே போகவில்லை. முதலில் முகத்தைப் பார்த்தார்.

‘எத்தினை தரம் ஊத்தினனீ?’

‘ரெண்டு தரம் அண்ணை.’

‘எந்தப் போத்தல்?’

காட்டினேன். திறந்து நாலு வருடமிருக்கும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியசில்தான் கொதிக்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் சேர்ந்தபின் அந்த அளவு 140 பாகைவரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடேறினால் ஒயிலுக்குள் நீராவிக் குமிழி உண்டாகும். ஒயிலை நசுக்க முடியாது, குமிழியை நசுக்கலாம். பெடல் அந்தக் குமிழியைத்தான் நசுக்கும், சில்லைப் பிடிக்காது. அதே ஈரம் குழாயை உள்ளிருந்தும் தின்னும். இதெல்லாம் பிறகு அவர் சொல்லித் தெரிந்துகொண்டது. அன்று அந்தப் போத்தலை வாங்கி மூடியை இறுக்கி ஒரு பக்கமாக வைத்துவிட்டு, வெகுநேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்தார்.

‘எஞ்சினை நாங்கள் மண்ணெண்ணெயில ஓட்டினனாங்கள்தான். பிறேக்கில ஒருநாளும் அப்பிடிச் செய்யேல்லை. எஞ்சின் நிண்டா நீ நடந்து வீட்ட போகலாம். பிறேக் விட்டா மற்றவன் வீட்ட போகமாட்டான்.’

பிறகு ஒரு ஏ40 கதை சொன்னார். ஏ40 டெவன் விசித்திரமான கார். முன்சில்லுக்கு ஒயில் பிறேக், பின்சில்லுக்குக் கம்பியால் இழுக்கும் பிறேக். 1952இல் வந்த ஏ40 சொமசெற்றில்தான் நாலு சில்லுக்கும் ஒயில் கொடுத்தார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு வாடகைக்காரரின் டெவனில் முன் பிறேக்கின் றப்பர் கப் கிழிந்துவிட்டது. புதியது வரவேண்டுமென்றால் கொழும்பிலிருந்துதான் வரவேண்டும். பின் பிறேக் கம்பியில்தானே இருக்கிறது, இரண்டு கலியாண ஓட்டம் மட்டும் ஓடிவிட்டு வருகிறேன் என்று காரின் சொந்தக்காரர் கெஞ்சினார். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் வீட்டில் அரிசி இல்லை என்பதும் அண்ணைக்குத் தெரியும். கழற்றிய முன்சில்லைப் பூட்டாமல் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். நாலு மாதம் கார் கட்டையில் நின்றது. அந்த நாலு மாதமும் தன் வீட்டு அரிசியில் பாதியை அந்த வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார் என்பதை அவர் சொல்லவில்லை. அவருடைய மனைவி சொல்லி அறிந்தேன்.

ஆக, சமாளிப்பே வாழ்க்கையாக இருந்த இடத்திலும் அதற்கு ஓர் எல்லை இருந்திருக்கிறது. பற்றாக்குறையைத் தங்கள் தலையில் வாங்கிக்கொண்டவர்கள் அவர்கள். அதை வீதியில் போகிறவன் தலையில் இறக்கி வைக்கவில்லை. கடைகளும் கராஜ்களும் தெருவுக்கு நாலு இருக்கிற ஊரில், காசு கொடுத்து வாங்கக்கூடிய ஒன்றுக்காக நான் அதைத்தான் செய்தேன். நான் செய்ததற்குச் சமாளிப்பு என்ற பெயர் பொருந்தாது.

இந்த நாட்டில் இந்தக் குற்றத்தைச் செய்வது எவ்வளவு எளிது என்பதைக் காட்ட உப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் உப்பு என்றால் ஆனையிறவு. வெயிலில் காய்ந்து வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். இங்கே உப்பு நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது. ஹியூறன் ஏரிக்கரையில் கொடெறிச் என்ற சிற்றூர். 1866இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது உப்புத் தட்டுப்பட்டது. 1959 முதல் ஏரியின் அடியில், ஏறத்தாழ 1,800 அடி ஆழத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஒரு கடலின் உப்பை வெட்டியெடுக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். கனடாவின் வீதிகளில் ஒவ்வொரு பனிக்காலமும் ஏறத்தாழ 50 இலட்சம் தொன் உப்புக் கொட்டப்படுகிறது. பனிக்கட்டி உருகுகிறது, உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன. இதில் எனக்குக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த உப்புநீர் சில்லிலிருந்து தெறித்துக் காரின் வயிற்றில் ஒட்டுகிறது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு அதைப் பல மடங்கு விரைவாக்குகிறது. உப்போடு நனைந்த காரை இளஞ்சூடான கராஜுக்குள் விட்டால் துரு இன்னும் வேகமாக ஏறும். காரைப் பத்திரமாக உள்ளே விட்டேன் என்று நாங்கள் ஆறுதலாக நித்திரை கொள்ளும் இரவுகளில் அது நடக்கிறது.

துரு தின்ன வேண்டிய குழாயும் பெரியதல்ல. வெளிவிட்டம் 4.76 மில்லிமீற்றர். பள்ளிக்கூடப் பென்சிலைவிட ஒல்லி. மெல்லிய உருக்குத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, செம்பை உருக்கி ஒட்டிச் செய்தது; சுவரின் தடிப்பு முக்கால் மில்லிமீற்றருக்கும் குறைவு. ரயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு முப்பது சொச்சம் இறாத்தல். கடுமையாகப் பிறேக் பிடிக்கும்போது அந்த ஒல்லிக் குழாய்க்குள் ஆயிரம் இறாத்தலும் அதற்கு மேலும் ஏறும். சாதாரணமாக ஓடும்போது அரிப்புண்ட குழாய் தாக்குப்பிடிக்கும். திடீரென்று யாரோ குறுக்கே வந்து முழுப்பலத்தோடு மிதிக்கும்போதுதான் வெடிக்கும். எந்தக் கணத்தில் அது தேவையோ அந்தக் கணத்தில் கைவிடும்படியாகவே இந்தப் பழுது அமைந்திருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

என் காரில் குழாய் விட்ட இடம், அடித்தட்டோடு அதைப் பிடித்திருந்த ஒரு பிளாஸ்ரிக் பிடிக்குள். வெளியே தெரிந்த பகுதி பழுப்பாக இருந்தாலும் உறுதியாகத்தான் இருந்தது. பிடிக்குள் பதினான்கு வருடச் சேறும் உப்பும் ஈரம் காயாமல் கிடந்திருக்கிறது. பிடியைக் கழற்றியதும் குழாய் அண்ணையின் விரலில் பொருக்காக உதிர்ந்தது.

வீட்டில் வைத்து நானே திருத்துவதா, கராஜுக்குக் கொண்டுபோவதா? காசு ஒரு காரணம், மறைக்கவில்லை. ஆனால் மனதில் பெரிதாக நின்றது வேறொன்று. கராஜுக்குக் கொடுத்துத் திருத்தினால் கார் சரியாகிவிடும், நான் சரியாகமாட்டேன். பற்றுச்சீட்டில் எழுதிய வரியை வாசிக்கத் தெரியாதவனாகவே இருப்பேன். காசைக் கொடுத்து வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். ஸ்ரியறிங்கைப் பிடிக்கிறவன் பொறுப்பு அதோடு கைமாறுவதில்லை. சொந்தக் காரைத் தானே திருத்துவதற்கு ஒன்ராறியோவில் தடை இல்லை. பிறர் காரைக் கூலிக்குத் திருத்தத்தான் உரிமம் வேண்டும். தடை இல்லை என்பது தகுதி உண்டு என்று ஆகிவிடாது. அதை அண்ணை தெளிவாகச் சொல்லிவிட்டார். வேலையை நான் செய்யலாம், அவர் பக்கத்தில் இருப்பார். வெட்டு என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் வெட்டவேண்டும். அவர் சோதித்து முடிக்கும்வரை கார் ஓர் அடியும் வீதிக்குப் போகக்கூடாது. எத்தனை கிழமை ஆனாலும்.

ஐந்து கிழமை ஆனது. நானும் மனைவியும் பஸ்ஸில் வேலைக்குப் போனோம். அவளுடைய தொழிற்சாலைக்கு இரண்டு பஸ் மாறவேண்டும், விடியற்காலை நாலே முக்காலுக்கு வெளிக்கிட வேண்டும். ஒரு நாளும் அவள் என்னைக் குறைசொல்லவில்லை. பனியில் நின்ற அந்தக் காலைகளும் இந்தக் கணக்கில் சேரவேண்டியவை.

முதல் பாடம் பிறேக்கைப் பற்றியதே அல்ல. ஜக்கில் நிற்கும் காருக்குக் கீழே தலையை நுழைக்கக்கூடாது என்பது. இரும்புத் தாங்கிகளை உறுதியான இடத்தில் வைத்து, காரை அதில் இறக்கி, தோளால் தள்ளிப் பார்த்து, அசையாவிட்டால்தான் கீழே போகலாம். அன்று தொடங்கி வேலை முடியும்வரை ஒவ்வொரு முறையும் அவர் தானே தள்ளிப் பார்த்தார்.

பிறகு நட்டுகள். குழாயின் நுனியிலிருக்கும் பத்து மில்லிமீற்றர் நட் துருவோடு ஒன்றாகிக் கிடந்தது. சாதாரண ஸ்பானர் இரண்டு முனையைத்தான் பிடிக்கும். வழுக்கினால் நட் உருண்டையாகிவிடும். இதற்கென்று வாய் திறந்த வளையம் போன்ற ஸ்பானர் இருக்கிறது, நட்டைச் சுற்றிவளைத்துப் பிடிக்கும். துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் காலையும் மாலையும் அடித்தோம். அவசரப்பட்டு ஒரு நாள் முந்தி நான் திருப்பப் போனபோது கையைத் தட்டிவிட்டார். நாலாம் நாள் நட் அசைந்த சத்தம், காய்ந்த சுள்ளி முறிவதுபோல, எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

இங்கேதான் பழைய புத்தி ஒருமுறை தலைதூக்கியது. பொருக்கானது ஓர் அடித் துண்டு மட்டும்தானே, அதை வெட்டியெடுத்துவிட்டு, தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அழுத்துப் பூட்டு ஒன்றால் நடுவில் பொருத்தினால் என்ன என்று கேட்டேன். கடையில் சில டொலருக்குக் கிடக்கும். அந்த வகைப் பூட்டு குழாயை ஒரு வளையத்தால் நெரித்துப் பிடிப்பது. பிறேக் அழுத்தத்துக்கு ஆனதல்ல, வழுகிவிடும். பிறேக் குழாயில் ஒவ்வொரு இணைப்பும் வாயை விரித்து மடித்து இறுக்கிய இணைப்பாகத்தான் இருக்கவேண்டும். அண்ணை இதை விளக்கவில்லை. ‘அந்தப் பிள்ளை எந்தப் பக்கமிருந்து வந்தது?’ என்று மட்டும் கேட்டார். இரண்டு பின்குழாய்களையும் முழு நீளத்துக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. ஒரு பக்கம் போனால் மறு பக்கத்துக்கும் அதே வயதுதான்.

புதிய குழாயாகச் செம்பு-நிக்கல் கலவையில் செய்ததை வாங்கினோம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அளவில் செம்பு, பத்துப் பங்கு நிக்கல். துருப்பிடிக்காது, கையால் வளைக்கலாம். வொல்வோ நிறுவனம் 1976இலிருந்தே தன் கார்களில் இதைப் போட்டு வந்திருக்கிறது. பழைய குழாயின் வளைவுகளைச் சணல் கயிற்றால் அளந்து, அதே வழியில் புதியதைக் கொண்டுபோனேன்.

குழாயின் வாயை விரிப்பதைக் கராஜில் பிளேர் அடிப்பது என்பார்கள். என் காரில் இரட்டை மடிப்பு: விளிம்பை முதலில் உள்ளே மடக்கி, பிறகு நாற்பத்தைந்து பாகைக் கூம்பாக விரிக்கவேண்டும். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் குமிழ் வடிவம். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் ஒயில் கசியும். பழந்துண்டுகளில் பதினொரு முறை அடித்துப் பழகினேன். வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தால் மடிப்பில் கீறல் விழும். குழாயைக் கிடுக்கியில் ஒரு மயிரிழை கூட்டிப் பிடித்தால் கூம்பு ஒரு பக்கம் சரியும். காரில் போடவேண்டிய முதல் குழாயில் அருமையாகப் பிளேர் அடித்து முடித்தபின் கண்டேன், நட்டை முன்கூட்டிக் குழாயில் கோர்க்க மறந்துவிட்டேன். வாயை விரித்தபின் நட் ஏறாது. வெட்டினேன். அடுத்தது கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. அண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் சுற்றிவரத் தடவினார். ‘வெட்டு’ என்றார். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வெட்டினேன். மூன்றாவதை அடித்து முடித்து நானே வெளிச்சத்தில் பிடித்தபோது, விளிம்பின் ஒரு பக்கம் மற்றதைவிட மெல்லியதாக இருப்பது தெரிந்தது. அவர் வாய் திறக்குமுன் நானே வெட்டினேன். அன்று அவர் முதல் தரமாகத் தேத்தண்ணி கேட்டார்.

வீட்டில் தொழில் கற்பதைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வெட்டுக்குள்ளேயே இருக்கிறது. காணொளிகள் நிறைய இருக்கின்றன. நானும் இரவிரவாகப் பார்த்தேன், பயனும் பெற்றேன். என்ன வரிசையில் செய்வது என்று அவை காட்டும். செய்ததைச் சந்தேகிக்கும் கண்ணை அவை தருவதில்லை. அது பக்கத்தில் இருந்து ‘வெட்டு’ என்று சொல்கிற ஒருவரிடமிருந்துதான் வருகிறது. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் பிறேக்கில் கற்கத் தொடங்கவேண்டாம். எஞ்சின் ஒயில் மாற்றுங்கள், காற்று வடிகட்டி மாற்றுங்கள், ரயரைக் கழற்றிப் பூட்டுங்கள், கை பழகட்டும். தான் செய்து முடித்த வேலையைத் தானே வெட்டி எறிய மனம் வராதவன் பிறேக்கைத் தொடக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

குழாய்களைப் பூட்டியபின் உள்ளே நிறையக் காற்று. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். பதினாறு வயது மகன் முன்னிருக்கையில் ஏறினான். அந்த மாதம்தான் ஜி1 அனுமதி எடுத்திருந்தான், ஓட்டப் பழகத் துடித்துக்கொண்டிருந்தான். நான் கீழே, பின்சில்லருகே, உள்ளே தெரியும் குழல் ஒன்றைக் காற்று வெளியேற்றும் திருகில் மாட்டி, நுனியை ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்திப் பிடித்திருந்தேன். ‘அமத்து. பிடிச்சுக்கொண்டிரு.’ திருகைத் திறந்தால் ஒயிலோடு குமிழிகள் வரும். மூடியபின் ‘விடு.’ திருகு திறந்திருக்கும்போது அவன் காலை எடுத்துவிட்டால் காற்று திரும்பி உள்ளே போய்விடும். முழு வேலையும் பழுது. பழைய கார் என்பதால் பெடலை அடித்தட்டுவரை போகவிடாமல் ஒரு மரக்கட்டையைக் கீழே வைத்திருந்தோம். வழக்கமாகப் போகாத ஆழத்துக்குப் போனால் பெடல் அழுத்தும் மாஸ்ரர் சிலிண்டரின் றப்பர் உள்ளே படிந்த அழுக்கில் உரசிக் கிழியக்கூடும். அறுபது எழுபது முறை இப்படி. அவனுடைய கால் என் சொல்லுக்கும், என் கை அவனுடைய காலுக்கும் பழகியது. கடைசிக் குமிழி போனபின் அவன் பெடலை அமத்திவிட்டு, ‘அப்பா, கல்லு மாதிரி இருக்கு’ என்றான். கார் ஓட்டுவதில் அவன் கற்ற முதல் பாடம் நிறுத்துவது. வேறெந்தப் பள்ளியிலும் அவனுக்கு இந்த வரிசையில் கற்பித்திருக்கமாட்டார்கள்.

எடுத்த பழைய ஒயிலை வடிகாலில் ஊற்றவில்லை. நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்தோம். அண்ணை பெடலில் முழுப்பாரத்தையும் வைத்து ஒரு நிமிடம் பிடித்திருக்க, நான் வெள்ளைத் தாளால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பார்த்தேன். தாள் காய்ந்தே இருந்தது. மறுநாள் காலையும் ஒற்றிப் பார்த்தோம். பிறகு வீட்டு வாசலிலேயே முன்னும் பின்னும். பிறகு ஞாயிறு விடியலில் ஆளில்லாத ஒரு வாகனத் தரிப்பிடத்தில், நடை வேகத்திலும் அதற்கு மேலும். அங்கே ஒரு முறை அவர் சொல்லி முழுப்பலத்தோடு மிதித்தேன். கார் நின்றது. இந்த முறை அதில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது.

பிறேக்கை மின்னணுவால் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள் காற்றுப் புகுந்திருந்தால் அதை வெளியேற்றப் பல கார்களில் கணினிக் கருவி வேண்டியிருக்கும். எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தால் காரை இழுவை வண்டியில் ஏற்றிக் கராஜுக்கு அனுப்பியிருப்பேன் என்று அண்ணை சொன்னார். தன் கைக்கு எட்டாத இடம் எது என்று அவர் தயங்காமல் சொன்னது, அவரிடம் நான் கண்ட திறமைகளில் பெரியது.

அதன் பிறகு தேடிப் படித்தபோது அறிந்த ஒன்றையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஏறத்தாழ 50 இலட்சம் வாகனங்களில் பிறேக் குழாய் துருப்பிடிப்பது பற்றி நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பல வருடம் விசாரித்தது. 2015 ஏப்ரலில், வாகனங்களைத் திரும்ப அழைக்காமலே விசாரணை மூடப்பட்டது. உப்புத் தூவும் மாநிலங்களில் ஏழெட்டு வருடத்தில் இப்படி ஆகக்கூடியதுதான், உரிமையாளர்கள் காரின் அடியைக் கழுவிவரவேண்டும், குழாய்களைப் பரிசோதிக்கவேண்டும் என்றது நிர்வாகம். அந்த முடிவு சரியா பிழையா என்று வாதிடலாம். எனக்கு அதைப் படித்தபோது தோன்றியது ஒன்றே: பொறுப்பு கடைசியில் காரின் சாவியை வைத்திருப்பவனிடம்தான் வந்து நிற்கிறது. இங்கே ஒன்ராறியோவில் சொந்தக் காருக்கு வருடாந்தப் பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயமில்லை; காரை விற்றுக் கைமாற்றும்போதுதான் அந்தச் சான்றிதழ் தேவை. ஒரே வீட்டில் பதினான்கு வருடம் நிற்கும் காரின் அடியை எந்த அரசும் எந்த நாளும் வந்து பார்க்கப்போவதில்லை.

இதை வாசிக்கிறவர்களில் பலர் என்னைப்போலப் பழைய காரை வைத்துக்கொண்டு, இரண்டு வேலை செய்து, வீட்டுக்கடன் கட்டி, ஊருக்கும் அனுப்புகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் பெரிய வேலை ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பிறேக் ஒயில் டப்பாவை இந்தச் சனிக்கிழமை திறந்து பாருங்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் ஊற்றி மூடிவிடாதீர்கள், எங்கே போனது என்று தேடுங்கள். பிறேக் கட்டை தேய்ந்தாலும் சிறிது குறையும். அதையும் ஒருவரைக் கொண்டு பார்த்தே முடிவு செய்யுங்கள். ரயர் மாற்றக் காரைத் தூக்கும் நாளில், தூக்குகிறவரிடம் ஒரு ரோர்ச் விளக்கைக் கேட்டு வாங்கி, பின்சில்லுகளுக்கு முன்னால் அடித்தட்டோடு ஓடும் அந்த ஒல்லிக் குழாய்களைப் பாருங்கள், பிடிகளுக்குள்ளும் பாருங்கள். குழாய் பொருக்கு விட்டிருந்தால், ஈரமாக இருந்தால், அந்தக் காரை மறுநாள் வேலைக்கு எடுக்காதீர்கள். பஸ்ஸில் போங்கள்.